இன்டர்வியூவுக்குப் போகும் நம்ம கொங்குப் பிள்ளைகளுக்கு: முதல் போன் தொடங்கி ஆஃபர் லெட்டர் வரை

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் பக்கம் இருக்கிறேன். பதினைந்து வருடமாக ஆள் எடுக்கும்போது மேசைக்கு உள்பக்கம் உட்காருகிறவன். அந்தியூர், காங்கயம், உடுமலை, பரமத்தி வேலூர், சோமனூர் என்று சுற்றுப்பக்கம் எல்லா ஊரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமோ, பி.இ., பி.காம். எல்லாரும்தான். அவர்களில் நிறையப் பேருக்கு வேலை தெரிகிறது, தெரிந்த வேலையை எடுத்துச் சொல்ல வாய் வருவதில்லை. அவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்குச் சாப்பாடு இறங்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கோபி பக்கம். மாமா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். பாலிடெக்னிக் படித்த மூன்று வருடமும் லீவு விட்டால் அங்கேதான் இருப்பேன், பம்ப் ஷாஃப்ட் கடைவேன், கீவே வெட்டுவேன். படிப்பு முடிந்து முதல் இன்டர்வியூ. "முன்னே எங்காவது வேலை பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க சார்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, மாமா பட்டறையில் கரியும் ஆயிலுமாக நின்றதெல்லாம் ஒரு அனுபவமா, அதைப் போய் இவ்வளவு பெரிய ஆபீசில் சொல்வதா என்று கூச்சம். அப்புறம் புத்தகக் கேள்வி நாலு கேட்டார்கள், இரண்டுக்குத் திணறினேன், அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் மாமா கேட்டார்: "அப்ப மூணு வருசமா நம்ம பட்டறையில நீ என்ன பண்ணிட்டிருந்தே கண்ணு?" பதில் சொல்ல முடியவில்லை.

இன்றைக்கும் எனக்கு எதிரே உட்காரும் பிள்ளைகள் அதே தவறைத்தான் செய்கிறார்கள். வீட்டில் தறி ஓடும், கோழிப்பண்ணை இருக்கும், அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் போயிருப்பார், இவரும் கூடப் போயிருப்பார். கேட்டால் "ஃபிரெஷர் சார்" என்பார்கள்.

முதல் வேலை: ஒரு நோட்டுப் போடுங்கள்

இன்டர்வியூ தேதி வருவதற்கு முன்பே, இன்றைக்கே செய்ய வேண்டியது இது. நாற்பது பக்க நோட்டு போதும். நீங்கள் கையால் செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதுங்கள், சம்பளம் வாங்கினீர்களா இல்லையா என்று பார்க்காதீர்கள். என்ன வேலை, எங்கே, எத்தனை நாள், என்ன மெஷின், என்ன அளவு, எது கெட்டுப்போனது, எப்படிச் சரி செய்தீர்கள். அளவு முக்கியம். "ஷாஃப்ட் கடைவேன்" என்று எழுதாதீர்கள். "6204 பேரிங் உட்காரும் இடத்தை 20 மில்லிமீட்டருக்குக் கடைந்து மைக்ரோமீட்டரில் பார்ப்பேன்" என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும், இவன் மெஷின் முன்னால் நின்றவன் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சோமனூர் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார், டெக்ஸ்டைல் டிப்ளமோ. எங்கள் கம்பெனிக்கு இல்லை, தெரிந்தவர் ஒருவருடைய துணிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்கு, என்னிடம் ஒத்திகை பார்க்க அனுப்பியிருந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். பெயர், அப்பா பெயர், பள்ளிக்கூடம், மார்க், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது என்று ஒப்பித்தார். நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தறி என்றார். எத்தனை? எட்டு. நீங்கள் ஓட்டுவீர்களா? அப்போதுதான் முகம் மாறியது. பாவு இழை அறுந்தால் எடுத்துக் கட்டுவேன், நாடாவுக்கு ஊடை நூல் சுற்றிய தார் மாற்றுவேன், துணியில் ஊடை விட்டுப்போன இடம் தள்ளி நின்று பார்த்தாலே தெரியும், ராத்திரி லைட் வெளிச்சத்தில் எந்தக் குறை கண்ணுக்குத் தப்பும் என்றுகூடத் தெரியும் என்றார். துணியில் குறை பார்க்கும் வேலைக்குப் போகிற பெண் இதை ஒளித்து வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்! இரண்டு நாள் கழித்துப் போய்த் தறியில் தொடங்கிச் சொன்னார், வேலை கிடைத்தது.

கல்லூரி புராஜெக்ட்டும் இப்படித்தான். "நாங்க நாலு பேரு பண்ணினோமுங்க" என்று நிறுத்திவிடுவார்கள். நாலு பேரில் நீங்கள் செய்தது என்ன? வரைந்தீர்களா, ஓடி ஓடிச் சாமான் வாங்கினீர்களா, கடைசி நாள் ராத்திரி சர்க்யூட்டைச் சரி செய்தீர்களா? அதைச் சொல்லுங்கள். நம்ம பக்கம் "நான்" என்று சொன்னால் தற்பெருமை மாதிரி ஒரு கூச்சம் இருக்கிறது. இன்டர்வியூ அறையில் அந்தக் கூச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. பேச்சில் "ங்க" இருக்கட்டும், அது அழகுதான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கம்பெனியைத் தெரிந்துகொள்வது

"எங்க கம்பெனி என்ன பண்றோம்னு தெரியுமா?" என்பது நான் தவறாமல் கேட்கும் கேள்வி. பம்ப் என்று ஒரு சொல்லோடு நிறுத்துபவர்தான் அதிகம். என்ன பம்ப்? வீட்டுக்கு மோனோபிளாக்கா, போர்வெல்லுக்குச் சப்மெர்சிபிளா, ஃபேக்டரிக்கா? அவர்கள் வெப்சைட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: உங்கள் ஊர் மோட்டார் கடைக்குப் போய் அந்தக் கம்பெனி மோட்டார் எப்படி, எது அடிக்கடி ரிப்பேருக்கு வருகிறது என்று கேளுங்கள். ரீவைண்டிங் கடைக்காரருக்குத் தெரிந்தது வெப்சைட்டில் இருக்காது. பத்து நிமிடம் அங்கே நின்றவர் இன்டர்வியூவில் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

தொழிலின் கதையும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. கோவையில் 1937-இல் ஜி.டி. நாயுடு மோட்டார் செய்ததும், பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்கள் பெருகியதும் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். திருப்பூரில் சாயப் பட்டறைப் பக்கம் வேலைக்குப் போகிறவர் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதையும், அதற்குப் பிறகு சாயக் கழிவுத் தண்ணீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் ஆனது என்பதையும் அறியாமல் போகக் கூடாது. அந்த வேலையின் பாதியே அதுதான்.

ரெஸ்யூம்

புதியவர் என்றால் ஒரே பக்கம். போன் நம்பரை இரண்டு முறை சரிபாருங்கள், தப்பான நம்பரால் ஆளைப் பிடிக்க முடியாமல் விட்டிருக்கிறேன். நோட்டில் எழுதியதில் இந்த வேலைக்குப் பொருந்துவது எதுவோ அது மேலே வர வேண்டும், மார்க் கீழே போகட்டும். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். இணையத்திலிருந்து எடுத்த பெரிய பெரிய ஆங்கில வாக்கியங்களை முதல் பத்தியில் போடாதீர்கள், அதில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாலே சிக்கல். ரெஸ்யூமில் இருக்கும் ஒவ்வொரு சொல்லைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச முடிய வேண்டும், முடியாததை எடுத்துவிடுங்கள். ஆட்டோகேட் தெரியும் என்று போட்டால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான்.

போய்ச் சேருவது

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். போன் வரும்போதே எந்த யூனிட் என்று கேளுங்கள். திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனிக்கு மூன்று நாலு யூனிட் இருக்கும், ஆபீஸ் ஒரு பக்கம், ஃபேக்டரி ஒரு பக்கம். கோவைக்கு வருகிறவர்களுக்கு: ஈரோடு, சேலம், திருப்பூர், சத்தி பஸ்கள் காந்திபுரம் வரும். பொள்ளாச்சி, பழனி பக்கம் உக்கடம். கரூர், திருச்சி பக்கம் சிங்காநல்லூர். மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டு. மலுமிச்சம்பட்டியில் இன்டர்வியூ என்றால் காந்திபுரத்தில் இறங்குகிறவர் உக்கடம் போய்ப் பொள்ளாச்சி ரோட்டில் திரும்பவும் போக வேண்டும், அதற்கே ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். சத்தியிலிருந்து வருகிறவர் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்கு என்றால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம், காந்திபுரம் வரை வந்து திரும்ப வேண்டாம்.

முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளில் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, ரோடும் நகராது. அரை மணி நேரம் முன்னால் போய்விட்டு, பக்கத்து பேக்கரியில் ஒரு டீ குடித்து, முகம் கழுவி, பதினைந்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்குள் போங்கள். செக்யூரிட்டி அண்ணனிடம் மரியாதையாகப் பேசுங்கள், "பையன் எப்படி?" என்று அவரிடம் கேட்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும்.

துணி துவைத்து இஸ்திரி போட்டதாக இருந்தால் போதும், புதிதாக வாங்கக் கடன் வாங்காதீர்கள். ஃபேக்டரி வேலைக்குச் செருப்போடு போகாதீர்கள், உள்ளே கூட்டிப்போய்க் காட்டலாம் என்று நினைத்தால்கூட ஷூ இல்லாமல் விட முடியாது. பெண் பிள்ளைகள் தலைமுடியைப் பின்னி, ஷாலைப் பின் குத்திக்கொண்டால் மெஷின் பக்கம் போக வசதி. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் இரண்டு செட் ஜெராக்சும் ஒரு ஃபைலில், பேனா ஒன்று பையில்.

உள்ளே கேட்பது

முதல் கேள்வி உங்களைப் பற்றி. ஒன்றரை நிமிடம். ஊர் ஒரு வரி, படிப்பு ஒரு வரி, செய்த வேலை நாலு வரி, இந்த வேலை ஏன் வேண்டும் என்று ஒரு வரி. வீட்டில் அம்மாவை எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் புரிந்தால் எங்களுக்கும் புரியும்.

அப்புறம், நீங்கள் சந்தித்த பிரச்சினை ஒன்றைச் சொல்லுங்கள், எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்போம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அன்னூர் பக்கத்துப் பையன் ஒருவன் சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. தோட்டத்து போர் மோட்டார் ஒரே வருடத்தில் இரண்டு முறை காயில் எரிந்துவிட்டது, அப்பா கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். இவன் ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கி ஒரு வாரம் காலையிலும் ராத்திரியிலும் வோல்டேஜ் பார்த்து எழுதி வைத்திருக்கிறான். ராத்திரி மூன்று பேஸில் ஒன்று சில நேரம் இறங்கிவிடுகிறது, மோட்டார் மீதி இரண்டில் இழுத்துக்கொண்டு ஓடிச் சூடாகிறது. ஸ்டார்ட்டரில் அதைப் பார்த்து நிறுத்தும் ரிலே பழுது. ரிலேயை மாற்றினான், அப்புறம் எரியவில்லை. பையன் பேசியது முழுக்கத் தமிழில், நடுவில் இரண்டு முறை திக்கினான். பிரச்சினை என்ன, எப்படிக் கண்டுபிடித்தான், என்ன செய்தான், கடைசியில் என்ன ஆனது என்ற நாலும் அதில் இருந்தது. உங்கள் நோட்டில் இப்படி மூன்று கதை இருக்கட்டும். ஒன்று தப்பு செய்து திருத்திக்கொண்டதாகவே இருக்கலாம், அதை மறைக்காமல் சொல்கிறவரை எங்களுக்கு நம்பப் பிடிக்கும்.

பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் தூரம், சம்பளம், கற்றுக்கொள்ள வேறு வேலை என்று உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், அங்கே இருந்தவர்களைத் திட்டாதீர்கள். இந்த ஊரில் ஃபவுண்டரிக்காரரும் பேட்டர்ன்காரரும் மோட்டார்காரரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் சும்மா இருந்தீர்களா என்றால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன் என்பது முழுசான பதில்தான், தலை குனிய வேண்டியதில்லை.

பதில் தெரியாவிட்டால் "தெரியலைங்க சார், இதுக்குப் பக்கத்துல எனக்குத் தெரிஞ்சது இது" என்று ஒரு வரி சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் நாங்கள் இன்னும் தோண்டுவோம்.

கையில் கொடுத்துப் பார்ப்பது

நம்ம பக்கத்துக் கம்பெனிகளில் இது கட்டாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷாஃப்ட்டையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து அளக்கச் சொல்வேன். நான் முதலில் பார்ப்பது அளவை இல்லை, கையை. மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் துணியால் துடைத்து, மூடி ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் ஷாஃப்ட்டையும் துடைத்து, முனையில் இருக்கும் ராட்செட்டைப் பிடித்துத் திருகுகிறாரா? இறுக்கிப் பிடித்து நேராக அளவு சொல்கிறாரா? சாதாரண வெர்னியரில் 0.02 மில்லி வரைதான் பார்க்க முடியும், மைக்ரோமீட்டரில் 0.01. எதற்கு எது எடுப்பது என்று தெரிந்திருந்தால் போதும், ஒரு மைக்ரான் தப்பாகச் சொன்னதற்கு யாரையும் நான் அனுப்பியதில்லை.

திருப்பூரில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொள்ளும் வேலையில் துணியைக் கொடுப்பார்கள். என் தங்கை வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார், அவர் ஜி.எஸ்.எம். எப்படிப் பார்ப்பாய் என்று கேட்பார். வட்டமாக வெட்டும் கட்டர் இருக்கும், அது 100 சதுர சென்டிமீட்டர் துணி எடுக்கும், அதை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் எடை. 1.8 கிராம் வந்தால் 180 ஜி.எஸ்.எம். இதைப் புத்தகத்தில் படித்தவரும் சொல்லிவிடுவார். துணியை மடிப்பு விழாமல் விரித்து, கரையை விட்டு உள்ளே தள்ளி வெட்டணும், ஒரே இடத்தில் எடுக்காமல் நாலு இடத்தில் எடுக்கணும் என்று சொல்கிறவரை அவர் விடமாட்டார். தெரிந்த யூனிட் ஏதாவது இருந்தால் ஒரு நாள் போய் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். ஐ.டி. பக்கம் போகிறவர்களுக்கும் இதேதான், காகிதத்திலோ போர்டிலோ புரோகிராம் எழுதச் சொல்வார்கள், எழுதும்போது வாய்விட்டு யோசியுங்கள், மௌனமாக எழுதிவிட்டு நீட்டாதீர்கள்.

இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இதில்தான் உடைந்து போகிறார்கள். ஃபேக்டரி, மில், பனியன் கம்பெனி வேலைகளில் முக்கால்வாசிப் பேச்சு தமிழில்தான் நடக்கும். ஆரம்பத்திலேயே "சார், வேலையைப் பத்தித் தமிழ்ல சொல்லட்டுங்களா?" என்று கேளுங்கள், நான் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஏற்றுமதி, ஐ.டி., வெளியூர்க் கஸ்டமரோடு பேசும் வேலை என்றால் இங்கிலீஷ் வேண்டும், அதில் வேறு பேச்சு கிடையாது. அதற்கு உங்கள் மூன்று கதையையும் அறிமுகத்தையும் மட்டும் இங்கிலீஷில் சொல்லிப் பழகுங்கள். சின்ன வாக்கியம், மெதுவான பேச்சு. போனில் பதிவு செய்து கேளுங்கள், முதல் நாள் கேட்கவே சங்கடமாக இருக்கும், பத்தாம் நாள் சரியாகிவிடும்.

கேட்கக் கூடாதவை

"எந்த ஊரு? அங்க எந்தப் பக்கம்? அப்பா பேரு என்ன?" என்று தொடங்கும் சில கேள்விகள் எங்கே போகின்றன என்று நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப்பாசத்தில் கேட்பவரும் உண்டு, சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்பவரும் உண்டு. ஊர் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த மூச்சிலேயே வேலைக்குத் திரும்புங்கள்: "காங்கயம் பக்கமுங்க சார், அங்க ஒரு அரிசி ஆலையில ஆறு மாசம் மெயின்டனன்ஸ் பார்த்தேன்." அதற்கு மேலும் தோண்டுகிற இடம் நீங்கள் வேலை பார்க்க வேண்டிய இடம் இல்லை. மேசைக்கு என் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். பெண் பிள்ளைகளிடம் கல்யாணம் எப்போது என்று கேட்பதும் அப்படித்தான். "ஷிஃப்ட் நேரம் எதுவானாலும் கம்பெனி வண்டி இருந்தா வருவேனுங்க" என்று உங்களால் முடிந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், கல்யாணத்தைப் பற்றி விளக்கம் கொடுக்க வேண்டாம்.

சம்பளம்

அவர்களாகக் கேட்கும்வரை எடுக்காதீர்கள், கேட்டால் மழுப்பவும் வேண்டாம். அதே வேலைக்கு அந்தப் பக்கம் என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு பேரிடம் முன்பே விசாரித்து ஒரு தொகையைச் சொல்லுங்கள். வருடத்துக்கு 2,40,000 சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று சொன்னால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம் உங்கள் பங்கு 1,440, கம்பெனி பங்கு 1,440, இரண்டையும் அந்த 20,000-லேயே கணக்குக் காட்டியிருப்பார்கள். 21,000-க்குள் சம்பளம் என்பதால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். எல்லாம் போகக் கையில் வருவது 16,400 பக்கம். பி.எஃப். உங்கள் பணம்தான், இ.எஸ்.ஐ. இருந்தால் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாதபோது அதன் அருமை தெரியும், அதனால் அது வேண்டாம், எல்லாவற்றையும் கையில் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். ஓ.டி. உண்டா, கேன்டீன், வண்டி, ரூம் வாடகை பிடிப்பார்களா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு, யூனிஃபார்முக்குக் கட்டு என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் ஒரிஜினலை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போக முடியாமல் எட்டு மாதம் அலைந்தான்.

கிளம்பும்போது

"ஏதாவது கேட்கணுமா?" என்றால் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் எந்த மெஷினில் போடுவீர்கள், யாரிடம் கற்றுக்கொள்வேன், முடிவு எப்போது தெரியும். இந்த மூன்றும் போதும். அவர்கள் சொன்ன நாள் தாண்டி இரண்டு நாள் பொறுத்து ஒரு முறை போன் செய்யுங்கள். வேலை உறுதி என்றால் ஆஃபர் லெட்டர் கையில் வரும்வரை பழைய வேலையை விட்டுவிடாதீர்கள், வாய் வார்த்தையை நம்பி விட்டுவிட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து என்னென்ன கேட்டார்கள், எதற்குத் திணறினீர்கள் என்று அவிநாசி தாண்டுவதற்குள் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் பாதி மறந்துவிடும், அடுத்த வாரம் வேறொரு மேசையில் அதே கேள்வி வரும்.